தொடக்ககால இந்திப் பேசும்படங்களில் சமூகச் சிக்கலும் சொல்லாட்சியும்

1. முன்னுரை

இந்தியத் திரைப்படத் தொழிலில் 'சோஷல்' என்பது ஒரு வகைப்பெயராக வழங்கிற்று. புராணக் கதை, வரலாற்றுக் கதை, வீரசாகசக் கதை ஆகியவற்றினின்றும் வேறுபட்டு, தற்காலக் குடும்பத்தையும் ஊரையும் களமாகக் கொண்ட படத்தை அச்சொல் குறித்தது. தமிழில் இதனையே 'சமூகப் படம்' என்றனர். மௌனப் படக் காலத்திலேயே இவ்வகை தோன்றிவிட்டது. கோலாப்பூரைச் சேர்ந்த பாபுராவ் பெயிண்டர் 1925இல் எடுத்த 'சாவ்காரி பாஷ்', வட்டிக் கடனில் நிலத்தை இழந்து நகரத்திற்குக் கூலியாகச் செல்லும் உழவனின் கதை. அவ்வுழவனாக நடித்தவர், பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற வி. சாந்தாராம்.

மௌனப் படத்தில் மொழி என்பது காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளோடு நின்றது. அட்டையை மாற்றினால் படம் வேறு மொழிக்கு உரியதாகிவிடும். 1931இல் படம் பேசத் தொடங்கியதும் நிலைமை மாறியது. உயர்சாதியினன் எவ்வாறு பேசுவான், தாழ்த்தப்பட்டவன் எவ்வாறு பேசுவான், மனைவி கணவனை எச்சொல்லால் அழைப்பாள் என்பனவற்றையெல்லாம் படம் எடுப்போர் முடிவு செய்தாக வேண்டிய நிலை ஏற்பட்டது. சமூகச் சிக்கலைப் பேசிய படங்களில் இம்முடிவுகள் கதைப்பொருளின் பகுதியாகவே அமைந்தன. 1931 முதல் 1959 வரை வெளிவந்த சில படங்களின் தலைப்பு, ஆட்பெயர், உறவுமுறைச் சொல் ஆகிய மூன்றையும் கொண்டு இதனை விளக்குவதும், அச்சொற்களைத் தமிழுக்குக் கொணர்வதில் எழும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இந்துஸ்தானி என்னும் படமொழி

முதல் இந்தியப் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியிடப்பட்டது. அதனை இயக்கியவர் அர்தேஷிர் இரானி. ஜோசப் டேவிட் எழுதிய மேடை நாடகமே அதன் மூலம். அதே இரானியின் நிறுவனமே அவ்வாண்டு அக்டோபரில், தமிழின் முதற் பேசும்படமாகக் கருதப்படும் 'காளிதாஸ்' படத்தையும் வெளியிட்டது. இவ்விரு படங்களின் படிகளும் இன்று கிடைப்பதில்லை. ஆகவே அவற்றின் மொழியைப் பற்றிப் பாட்டுப்புத்தகம், விளம்பரம், சமகாலக் குறிப்பு ஆகியவற்றின் துணைகொண்டே பேச இயலும்.

தொடக்ககாலப் படங்களுக்கு உரையாடல் எழுதியோரைப் படப்பிடிப்பு நிலையங்கள் 'முன்ஷி' என அழைத்தன. பாரசீக, உருதுக் கல்வியுடைய எழுத்தரையும் மொழியாசிரியரையும் குறித்த சொல் அது. இவர்களுள் பலர் பார்சி நாடக மேடைக்கு எழுதிப் பழகியவர்கள். எனவே படமொழி மேடை உருதுவின் அடித்தளத்தில் எழுந்தது. அதனை இந்தி என்றோ உருது என்றோ வரையறுக்காது 'இந்துஸ்தானி' எனப் பொதுவாக வழங்கினர். அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களே அதனைப் பெரிதும் உருவாக்கினர் என்பதும் கருதத்தக்கது. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் வங்காளத்திலும், பூனாவின் பிரபாத் மராத்தியிலும் எண்ணி, இந்துஸ்தானியிலும் படம் எடுத்தன. 1934இல் நிறுவப்பெற்ற பாம்பே டாக்கீஸில் வங்காளியரான ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் தலைமை ஏற்றனர். இயக்கியவர் செருமானியரான பிரான்ஸ் ஆஸ்டன். இசையமைத்தவர் பார்சிப் பெண்மணியான சரஸ்வதி தேவி. நிரஞ்சன் பால் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளுக்கு ஜே. எஸ். காஷ்யப் இந்துஸ்தானி உரையாடல் அமைத்தார். ஆகவே இப்படங்களின் மொழி, படமாகும் முன்னரே ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்ட மொழி எனலாம்.

இம்மொழியின் சொற்றொகுதியில் இரண்டு அடுக்குகள் உண்டு. நீதிமன்றம், சட்டம், குற்றம், நேர்மை ஆகியவற்றிற்கு 'அதாலத்', 'கானூன்', 'ஜுர்ம்', 'இன்சாஃப்' எனப் பாரசீக, அரபு வழிச் சொற்கள் வரும். சாதி, அறம், பாவம், சடங்கு ஆகியவற்றிற்கு 'ஜாதி', 'தர்ம்', 'பாப்', 'சம்ஸ்கார்' என வடமொழிச் சொற்கள் வரும். சமூகப் படத்தின் அடிப்படை மோதலோ பெரும்பாலும் சட்டம் தருவதற்கும் சமயவழக்கம் மறுப்பதற்கும் இடைப்பட்டது. அம்மோதல் சொல்லடுக்குகளின் மோதலாகவும் கேட்பவர் செவியில் விழுகிறது. திருமணத்திற்குக்கூட 'ஷாதி' என்னும் பாரசீகச் சொல்லும், 'விவாஹ்' என்னும் வடமொழிச் சொல்லும், அதன் திரிபாகிய 'ப்யாஹ்' என்னும் நாட்டுவழக்கும் உள.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. வக்கீல், ஜாமீன், கைதி, அமீனா, முன்சீப் போன்ற நிருவாகச் சொற்கள் அதே ஊற்றிலிருந்து தமிழிலும் வந்து கலந்தவை. 1930களைச் சார்ந்த படம் ஒன்றை மொழிபெயர்க்கையில் 'வழக்கறிஞர்', 'பிணை' எனப் பிற்காலத்தில் வழக்கூன்றிய சொற்களை இடுவதைவிட, 'வக்கீல்', 'ஜாமீன்' என்பனவற்றை நிறுத்துவது காலத்திற்கும் பொருந்தும். இரு அடுக்குகளின் ஓசை வேறுபாட்டையும் காக்கும்.

3. தலைப்பும் தணிக்கையும்

சமூகப் பொருள் பேசிய படங்களில் தலைப்பே முதற் சிக்கலாயிற்று. பிரபாத் நிறுவனம் 1935இல் ஏகநாதரின் வாழ்க்கையை, தாழ்த்தப்பட்டோரோடு அவர் உடனுண்ட நிகழ்ச்சியை முதன்மைப்படுத்திப் படமாக்கியது. பால கந்தர்வர் ஏகநாதராக நடித்தார். படத்திற்கு முதலில் இடப்பட்ட பெயர் 'மகாத்மா'. தணிக்கையாளர் அதனை ஏற்கவில்லை; படம் 'தர்மாத்மா' ஆயிற்று. 'பேருயிர்' எனப் பொதுப்பொருள் தரும் 'மகாத்மா' என்ற சொல், அக்காலத்தில் ஒரே மனிதரைக் குறிக்கும் பெயராகச் சுருங்கிவிட்டமையே இதற்குக் காரணம். பதினாறாம் நூற்றாண்டுப் பக்தரின் கதை அப்பெயரோடு வந்தால் நடப்பு அரசியலாகவே கேட்கும் என்பதைத் தணிக்கையாளர் சரியாகவே உணர்ந்திருந்தனர். பொருட்சுருக்கம் என மொழியியலார் வழங்கும் மாற்றத்தை அரசு அலுவலகம் ஒன்று நடைமுறையில் பதிவுசெய்த நிகழ்ச்சி இது.

பிரேம்சந்த் எழுதிய 'மஸ்தூர்' இதனினும் கடுமையான தடையைச் சந்தித்தது. அவர் அஜந்தா சினிடோன் நிறுவனத்தோடு ஆண்டுக்கு ரூ. 8,000 என்னும் ஒப்பந்தத்தின்பேரில் 1934இல் பம்பாய் சென்றார். மோகன் பவ்னானி இயக்கிய அப்படம் ஆலை முதலாளிக்கும் தொழிலாளர்க்கும் இடைப்பட்ட பூசலைப் பேசியது. ஆலை நகரமான பம்பாயில் அதன் திரையீடு தடுக்கப்பட்டது. 'மில்' என்ற பெயராலும் அப்படம் அறியப்படுகிறது. 'மஸ்தூர்' உழைப்பவனைக் குறிப்பது. 'மில்' அவன் உழைக்கும் இடத்தைக் குறிப்பது. ஒரே கதையின் இவ்விரு பெயர்களுள் ஆள் நீங்கி இடம் நிற்கும் பெயரே முனை மழுங்கியது என்பது வெளிப்படை. இப்படத்தின் படியும் கிடைப்பதில்லை. பிரேம்சந்த் 1935இல் பம்பாயை விட்டு நீங்கினார். 1936 அக்டோபரில் மறைந்தார்.

4. 'அச்சூத் கன்யா' (1936)

4.1 தலைப்பு

நிரஞ்சன் பாலின் கதைக்கு முதற்பெயர், இருப்புப்பாதை சாலையைக் கடக்கும் இடத்தைக் குறிக்கும் 'லெவல் கிராசிங்' என்பது. படத்திற்கு 'அச்சூத் கன்யா' எனப் பெயரிட்டனர். 'அச்சூத்' என்பது தொடுதலைக் குறிக்கும் 'சூ' என்னும் நாட்டுவழக்கு வினையடியோடு எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தது. அன்றாடப் பேச்சின் வசைச்சொல். 'கன்யா' திரிபுறாத வடமொழிச் சொல். கன்னிகாதானம் முதலிய சடங்குகளில் வழங்குவது. தெருவின் சொல்லும் சடங்கின் சொல்லும் ஒரு தொகையில் இணைக்கப்பட்டுள்ளன. தலைப்பைக் கேட்ட அளவிலேயே படத்தின் முரண் விளங்கிவிடுகிறது. காந்தியடிகளின் 'ஹரிஜன்' இதழ் 1933இலேயே தொடங்கப்பட்டு அச்சொல் பரவியிருந்தும், படம் அதனைத் தலைப்பில் ஏற்கவில்லை. மென்சொல்லை விடுத்து வன்சொல்லை நிறுத்தியதே தலைப்பின் துணிவு.

4.2 கதையும் 'தீண்டு' என்னும் சொல்லும்

ரயில்வே கேட் காவலனான துக்கியா தாழ்த்தப்பட்டவன். கடை நடத்தும் மோகன் பார்ப்பனர். மோகனைப் பாம்பு கடித்தபோது துக்கியா நஞ்சை வாயால் உறிஞ்சி அவரைக் காக்கிறான். நட்பு தொடங்குகிறது. துக்கியாவின் மகள் கஸ்தூரியும் (தேவிகா ராணி) மோகனின் மகன் பிரதாப்பும் (அசோக் குமார்) உடன் வளர்ந்து அன்புகொள்கின்றனர். நோயுற்ற துக்கியாவை மோகன் தம் வீட்டிற்குக் கொணர்ந்து வைத்தபோது ஊரார் திரண்டு தாக்குகின்றனர். காயமுற்ற மோகனுக்கு மருத்துவ உதவி வேண்டித் துக்கியா ரயிலை நிறுத்தி, அதனால் வேலையை இழக்கிறான். பிரதாப் தன் சாதியில் மீராவையும், கஸ்தூரி தன் சாதியில் மன்னுவையும் மணக்க நேர்கிறது. பின்னர் ஐயத்தால் எழுந்த கைகலப்பு இருப்புப்பாதையின்மேல் நிகழ, வரும் ரயிலை நிறுத்த ஓடிய கஸ்தூரி அதில் சிக்கி மடிகிறாள்.

இக்கதையைத் தமிழில் சொல்லும்போது இந்தியில் இல்லாத ஓர் இயைபு தோன்றுகிறது. தமிழில் 'தீண்டு' என்னும் வினை தொடுதலையும் குறிக்கும். பாம்பு கடித்தலையும் குறிக்கும். 'பாம்பு தீண்டியது' என்பது இயல்பான வழக்கு. 'தீட்டு' என்பதையும் இவ்வினையோடு சேர்த்தே சொற்பிறப்பியலார் வகைப்படுத்துவர். எனவே, பாம்பு தீண்டிய பார்ப்பனரைத் தீண்டத்தகாதவர் தீண்டிக் காத்தார் எனத் தமிழில் ஒரே வினையால் கதையின் தொடக்கத்தைச் சொல்லிவிடலாம். இந்தியில் கடித்தலுக்குரிய 'டஸ்னா', 'காட்னா' ஆகிய வினைகளுக்கும் தொடுதலுக்குரிய 'சூனா'வுக்கும் இத்தகைய உறவு இல்லை. அங்கே வேறோர் உறவு உண்டு. 'சூத்' என்னும் பெயர்ச்சொல் தீட்டையும் குறிக்கும். ஒட்டுநோய் பரவுதலையும் குறிக்கும். நோயுற்ற துக்கியாவைப் பார்ப்பனர் வீட்டில் வைத்ததே கலகத்திற்கு வித்தாவதை இந்தி கேட்பவர் இவ்விரு பொருளும் உடன்தோன்றக் கேட்பர். தீட்டைத் தமிழ் நஞ்சோடும், இந்தி நோயோடும் இணைக்கின்றன. மூலத்தில் நோய்க் காட்சியில் திரளும் பொருளாழம், தமிழில் பாம்புக் காட்சிக்கு இடம் பெயர்கிறது. மொழிபெயர்ப்பில் இழப்பும் ஈடும் ஒரே இடத்தில் நிகழ்வதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

4.3 ஆட்பெயர்கள்

பெயர்களும் சாதிவரிசையைக் காட்டுகின்றன. மோகன், பிரதாப், மீரா ஆகியன சமயப் பெருமையோ வீரப் பெருமையோ உடையவை. துக்கியா என்பது துயரத்தைக் குறிக்கும் 'துக்' என்பதன் அடியாகப் பிறந்தது. மன்னு, கஜ்ரி ஆகியன நாட்டுவழக்குப் பெயர்கள். இவ்வரிசையில் பொருந்தாது நிற்கும் ஒரே பெயர் கஸ்தூரி. தாழ்த்தப்பட்டோர் பக்கத்தில் மணப்பொருளின் வடமொழிப் பெயரை அவள் ஒருத்தியே தாங்குகிறாள். பெயரளவில் அவள் எல்லையைக் கடந்துவிட்டாள். கதை அவளைக் கடக்கவிடவில்லை.

4.4 படம் சொல்லாதது

இப்படம் வெளிவந்த 1936ஆம் ஆண்டிலேயே அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலும் வெளிவந்தது. சாதியை ஒழிக்கும் மெய்யான மருந்து கலப்புமணமே என்பது அந்நூலின் வாதங்களுள் ஒன்று. படமோ தீண்டாமையைத் தீமை எனக் காட்டியும், காதலர் மணம் புரிவதைக் கதையின் வாய்ப்பாகக்கூடக் கருதவில்லை. ரயிலை நிறுத்திய தந்தை வேலையை இழந்தான். ரயிலை நிறுத்த முயன்ற மகள் உயிரை இழந்தாள். பிறரைக் காக்கும் கடமை இருமுறையும் தாழ்த்தப்பட்டவர்மீதே விழுகிறது. இறந்தபின் அவளுக்கு நினைவுச்சின்னம் எழுகிறது. உயிரோடு இருந்தபோது மறுக்கப்பட்ட மதிப்பு, தியாகத்தை விலையாகப் பெற்றுக்கொண்டு வழங்கப்படுகிறது. சாந்துலால் ஷா 1940இல் எடுத்த படத்திலும் 'அச்சூத்' என்னும் வன்சொல்லே தலைப்பாயிற்று.

5. 'துனியா ந மானே' (1937)

நாராயண் ஹரி ஆப்டேயின் மராத்தி நாவலை வி. சாந்தாராம் இருமொழிகளில் படமாக்கினார். மராத்தி வடிவம் 'குங்கூ'. இந்தி வடிவம் 'துனியா ந மானே'. முதியவரான வக்கீல் காகாசாகேப்புக்கு (கேசவராவ் தாத்தே) ஏமாற்றி மணமுடிக்கப்பட்ட இளம்பெண் (சாந்தா ஆப்டே), அம்மணத்தை மணமாக ஏற்க மறுக்கிறாள். படத்தில் பின்னணி இசை இல்லை. கடிகார ஒலி போன்ற இயற்கை ஒலிகளே உள. உரையாடல் இசையின் துணையின்றித் தனித்து நிற்கிறது.

இருவடிவத் தலைப்புகளும் ஒன்றையொன்று மொழிபெயர்க்கவில்லை. 'குங்கூ' மணமான பெண்ணின் நெற்றிக் குங்குமம்; 'துனியா ந மானே' என்பது 'உலகம் ஒப்பாது' எனவும், 'உலகம் ஒப்பாவிடினும்' எனவும் பொருள்படும் தொடர். மகாராட்டிரத்தில் நெற்றிக் குங்குமம் தாங்கும் குறியீட்டுப் பொறுப்பை வட இந்தியாவில் வகிட்டுச் சிந்தூரமே பெரிதும் தாங்குகிறது. குறி மாறவே தலைப்பும் மாற வேண்டியதாயிற்று எனக் கொள்ளலாம். தமிழில் 'குங்குமம்' என இட்டால் ஒலியளவில் பொருந்தும். எனினும் இங்குக் கன்னியரும் குங்குமம் இடுவர். மணத்தின் தனிக்குறி தாலியே. சொல் ஒன்றாயிருப்பினும் சுமை வேறு.

படத்தின் மையம் உறவுமுறைச் சொல்லில் உள்ளது. 'காகா' என்பது மராத்தியில் தந்தையின் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல். மதிப்புக்குரிய முதியவர்க்கு விளியாகவும் ஆகும். கணவனாக வந்தவரை ஊரார் அழைக்கும் பெயரே அவர் கணவனாகத் தகார் என்பதைச் சொல்லிவிடுகிறது. அவருடைய மகளோ புதுமனைவியினும் மூத்தவள். இறுதியில் அவர் தம் தவற்றை உணர்ந்து, அவள் தக்கவனை மணந்துகொள்ளுமாறு தந்தை மகளுக்கு எழுதும் முறையில் எழுதிவைத்து உயிர் துறக்கிறார். கணவன் என்னும் பொய்யுறவு நீங்கி, 'காகா' என்னும் விளி உணர்த்திய மூத்தோன் உறவு மீள்கிறது. தமிழில் 'காகாசாகேப்' என ஒலிபெயர்த்தால் இப்பொருள் முழுவதும் மறைந்துவிடும். முதல் முறையேனும் 'சித்தப்பா' என்னும் பொருளை உரையாடலுக்குள் புலப்படுத்தாவிடில், இறுதிக் கடிதம் மிகையுணர்ச்சியாகவே தோன்றும்.

அம்முடிவைச் சட்ட வரலாற்றோடு இணைத்தும் காணவேண்டும். 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் குறைந்த மணவயதை 14 என வரையறுத்தது. மணமக்களின் வயது இடைவெளியைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டின் சட்டம் ஏற்றிருந்தது. ஆனால் இந்துப் பெண் மணவிலக்குப் பெறும் உரிமை, வழக்காறு இசைந்த சில சமூகங்களிலும் பரோடா போன்ற சுதேச அரசிலும் அன்றி, 1937இல் இல்லை. நாடளாவிய உரிமை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தால் வந்தது. ஆகவே கதைத்தலைவி மறுமணத்திற்கு உரியவளாவதற்குச் சட்டம் திறந்துவைத்த ஒரே வழி, அவள் கைம்பெண் ஆவதே. வக்கீலாகிய கணவனுக்கு அது தெரியாமலிராது. அவருடைய சாவு உணர்ச்சிமுடிவாக மட்டுமன்றி, 'மணவிலக்கு' என்னும் கருத்து இடம்பெறாத சட்டமொழியின் விளைவாகவும் அமைகிறது.

6. 'சேவாசதன்': மூன்று மொழிப் பயணம்

பிரேம்சந்தின் நாவல் முதலில் உருதுவில் 'பாஜார்-இ-ஹுஸ்ன்' என எழுதப்பெற்றது. ஆயினும் இந்தியில் 'சேவாசதன்' என்ற பெயரில்தான் முந்தி வெளிவந்தது. உருதுத் தலைப்பு 'அழகின் கடைவீதி' எனப் பெண் வீழ்த்தப்படும் இடத்தைச் சுட்டும். இந்தித் தலைப்பு 'தொண்டு இல்லம்' எனச் சீர்திருத்தம் வழங்கும் இடத்தைச் சுட்டும். நானுபாய் வகீல் 1934இல் அதனைப் படமாக்கினார். அவ்வடிவம் பிரேம்சந்துக்கு மனநிறைவு தரவில்லை.

இந்நாவலை எஸ். அம்புஜம்மாள் தமிழாக்கினார். கே. சுப்பிரமணியம் 1938இல் 'சேவாசதனம்' எனப் படமாக்க, எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முறையாகத் திரையில் தோன்றினார். சுமன் தமிழில் சுமதி ஆனாள். 'மலர்', 'நன்மனம்' எனப் பொருள்படும் பெயர் 'நல்லறிவு' எனப் பொருள்படும் பெயராக மாறியது. தலைப்பில் '-அம்' என்னும் ஈறு மட்டுமே கூடியது. வடமொழிச் சொல்லாக இருந்தமையால் தலைப்பு எளிதில் எல்லை கடந்தது. உருதுத் தலைப்பின் கசப்பு மட்டும் தமிழுக்கு வந்து சேரவேயில்லை.

7. 'சுஜாதா' (1959): ஓர் உவம உருபு

'அச்சூத் கன்யா' எழுப்பிய கேள்விக்கு 23 ஆண்டுகளுக்குப் பின்னர் மறுமொழி கூறியது பிமல் ராயின் 'சுஜாதா'. மூலக்கதை சுபோத் கோஷ் எழுதியது. இடையில் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதனைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. சட்டம் முடித்துவிட்டதாகக் கருதியதை வீட்டுப் பேச்சு முடிக்கவில்லை என்பதே இப்படத்தின் பொருள்.

பார்ப்பனப் பொறியாளர் வீட்டில் வளரும் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு (நூதன்) இட்ட பெயர் சுஜாதா. 'நற்பிறப்பினள்' என்பது பொருள். 'ஜாதி' என்னும் சொல் பிறந்த அதே வினையடியிலிருந்து பிறந்த பெயர் அது. வளர்ப்புத் தாய் அவளைப் பிறர்க்கு அறிமுகப்படுத்துகையில் 'மகள்' என்னாது 'மகளைப் போன்றவள்' என்கிறாள். 'பேட்டீ' என்பதன்பின் வரும் 'ஜைஸீ' என்னும் ஒரு சொல்லே தீண்டாமையின் எல்லைக்கோடு. வசையும் இல்லை, விலக்கும் இல்லை. உவமை மட்டும் உள்ளது. வளர்ப்புத் தாய் அச்சொல்லை நீக்கி அவளை மகளாகவே ஏற்பது கதையின் இறுதியில்தான். அதற்கும் சுஜாதா தன் இரத்தத்தைக் கொடுத்தே தகுதி பெறவேண்டியிருக்கிறது. கஸ்தூரியிடம் உயிரைப் பெற்ற கதைமரபு, சுஜாதாவிடம் குருதியோடு நிறைவடைந்து மணத்திற்கு இசைகிறது.

தமிழில் இவ்விடத்திற்கு 'போல', 'மாதிரி', 'போன்ற' என உருபுகள் பல உள. 'எங்கள் பெண் மாதிரி' என்பது தமிழ்க் குடும்பங்களில் அன்பின் சொல்லாகவே இயல்பாக வழங்கும். மொழிபெயர்ப்பாளர் அதனை இடலாம். ஆனால் ஒருமுறைக்கு 'மாதிரி', மறுமுறைக்கு 'போல' என நடைநயத்திற்காக மாற்றலாகாது. மீண்டும் மீண்டும் ஒரே சொல்லாக ஒலித்தால்தான் அன்பின் சொல் விலக்கின் சொல்லாக மாறுவது கேட்பவர்க்குப் புலப்படும்.

8. முடிவுரை

தொடக்ககால இந்திச் சமூகப் படங்களைக் கதைச்சுருக்கத்தால் மதிப்பிடுவோர் அவற்றைத் துணிவானவை என்றோ, சமரசமானவை என்றோ எளிதில் வகைப்படுத்திவிடுவர். சொல்லளவில் நோக்கும்போது இரண்டும் ஒரே படத்தில் உடனிருத்தல் தெளிவாகும். 'அச்சூத் கன்யா'வின் தலைப்பு துணிவுடையது, முடிவு துணிவற்றது; 'துனியா ந மானே'யின் விளிச்சொல் சட்டத்தை முந்தியது, கதைமுடிவு சட்டத்திற்குக் கட்டுப்பட்டது; 'சுஜாதா'வின் பெயர் சாதியின் வேர்ச்சொல்லையே திருப்பிப்போட்டது, ஆனால் அவளை மகளாக்க ஒரு புட்டிக் குருதி வேண்டியிருந்தது.

இப்படங்களுக்குத் தமிழில் துணையுரை எழுதுவோர் கதைக்குத் தேவையான செய்தியை மட்டும் தந்து உறவுச்சொல், ஆட்பெயர், சொல்லடுக்கு ஆகியவற்றை இடச்சுருக்கம் கருதி விடுவதுண்டு. விடப்படும் அச்சொற்களிலேதான் அக்காலச் சமூகம் தன்னை வெளிப்படுத்தியுள்ளது. 'ஆலம் ஆரா'வும் 'மஸ்தூர்' படமும் படச்சுருளோடு அழிந்தன. எஞ்சியுள்ள படங்களின் சொற்கள் மொழிபெயர்ப்பில் அழியாமற் காப்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.